தாடைப் பருவுக்கு ஊசி வயிற்றில்: ஹார்மோன் சருமச் சிக்கலுக்கு அக்குபங்சர் தேடுவோருக்கு

மாதவிலக்குக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது தாடையோரத்திலும் மோவாயிலும் பருக்கள் கிளம்பும். தொட்டால் வலிக்கும், முனை தெரியாது, உள்ளே கெட்டியாக இருக்கும். விலக்கு முடிந்ததும் அடங்கி, கறுப்புத் தழும்பை விட்டுவிட்டுப் போகும். இருபத்தைந்து, முப்பது வயதைத் தாண்டியும் இது தொடர்ந்தால் பலரும் அக்குபங்சர் பக்கம் திரும்புகிறார்கள். திரும்புவதில் தவறில்லை. எதற்காகப் போகிறோம், எத்தனை வாரம் பார்ப்போம் என்று முடிவு செய்யாமல் போவதில்தான் பணமும் காலமும் கரைகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். ஹார்மோன் பருவுக்கு அக்குபங்சர் உதவியதாகக் காட்டும் ஆய்வில் ஊசி போட்ட இடம் முகம் அல்ல. அடிவயிற்றுத் தசையும் கெண்டைக்கால் தசையும்தான். ‘பரு இருக்கும் இடத்திலேயே ஊசி போட்டு எடுத்துவிடுகிறோம்’ என்று ஓர் இடத்தில் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஆய்வு ஸ்வீடனின் கோத்தன்பர்கில் நடந்தது, வெளியானது 2011இல். பி.சி.ஓ.எஸ் (ஹார்மோன் சமநிலை குலைந்து விலக்கு தவறும் சினைப்பைக் கோளாறு) உள்ள 84 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: ஊசியில் மெல்லிய மின்துடிப்பு கொடுத்த குழு, உடற்பயிற்சிக் குழு, எதுவும் செய்யாத குழு. 16 வாரத்தில் 14 அமர்வு. முடிவில் ஊசிக் குழுவில் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 25 சதவீதமும் பரு மதிப்பெண் சுமார் 32 சதவீதமும் குறைந்திருந்தன. விலக்கு வரும் இடைவெளியும் சீரானது. நல்ல செய்திதான். ஆனால் போலி ஊசி போட்டு ஒப்பிடவில்லை, சிறிய ஆய்வு, பி.சி.ஓ.எஸ் இல்லாதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பருவுக்கான மாற்று சிகிச்சைகளை 2015இல் திரட்டிப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வும், அக்குபங்சரைப் பொறுத்தவரை நம்பி முடிவெடுக்கச் சான்று போதாது என்றே எழுதியது. ஆகவே இதைத் துணை சிகிச்சையாக வையுங்கள், முதல் சிகிச்சையாக அல்ல.

வயிற்றில் ஏன் ஊசி? சினைப்பைக்கு நரம்பு அனுப்பும் அதே தண்டுவட அடுக்குகள்தாம் அடிவயிற்றுத் தசைக்கும் கால் தசையின் ஒரு பகுதிக்கும் நரம்பு அனுப்புகின்றன. அந்தத் தசையைத் துடிக்க வைத்தால், சினைப்பையை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்பின் வேகம் தணியும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சினைப்பையிலிருந்து ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்தன்மை ஹார்மோன்) குறைந்தால் தோலின் எண்ணெய்ச் சுரப்பியும் அடங்கும். முகத்தைக் குத்துவதால் இந்தச் சங்கிலியில் எதுவும் நடப்பதில்லை.

இது ஹார்மோன் பருதானா?

நெற்றியில் முடிக்கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னதாக இருந்தால் பெரும்பாலும் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்ததால் வந்தது. மோவாயில் த்ரெட்டிங், வாக்சிங் செய்த மூன்றாம் நாள் கிளம்பும் புடைப்புகள் முடிவேர் வீக்கம். பார்லருக்குப் போகும் தேதியைக் குறித்துவைத்தால் தானே தெரிந்துவிடும். அரிப்போடு ஒரே அளவில் நெற்றி, முதுகு முழுக்க இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். முகம் வெளுக்க வேண்டுமென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நிறுத்தியதும் முகம் சிவந்து, எரிந்து, பரு கொட்டும். இவை எதற்கும் அக்குபங்சர் மருந்தல்ல. க்ரீம் விஷயத்தை மட்டும் தோல் டாக்டரிடம் மறைக்காதீர்கள், டியூபையே கையில் கொண்டு போங்கள்.

சந்தேகம் தீர மூன்று விலக்குச் சுழற்சிக்குக் கணக்கு வையுங்கள். விலக்கு தொடங்கும் நாள் 1. ஒவ்வொரு சுழற்சியிலும் 1, 14, 24 ஆகிய நாட்களில் காலையில் முகம் கழுவி, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், நேராக ஒன்று, இடம் வலமாக இரண்டு என மூன்று படம். கன்ன எலும்புக்குக் கீழே கழுத்து வரை சிவந்து வலிக்கும் பருக்களை மட்டும் எண்ணி எழுதுங்கள். கரும்புள்ளியையும் பழைய தழும்பையும் எண்ண வேண்டாம். அவை மாதக்கணக்கில் நிற்பவை, கணக்கைக் குழப்பிவிடும். 24ஆம் நாள் எண் 14ஆம் நாளைவிட ஒவ்வொரு முறையும் தெளிவாகக் கூடினால் ஹார்மோன் தொடர்பு உண்டு என்று கொள்ளலாம்.

ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை

விலக்கு 21 நாளுக்குள் வந்தாலோ 35 நாளைத் தாண்டினாலோ, மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்ந்தாலோ, கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்தாலோ, பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாக எழுதுபவை: மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி (டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து வைக்கும் புரதம்), டி.எஸ்.எச் (தைராய்டுக்கு), புரோலாக்டின், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், சர்க்கரை. ஹார்மோன்களுக்கு விலக்கின் 2 முதல் 5ஆம் நாளுக்குள் காலையில் ரத்தம் கொடுப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆண்ட்ரோஜன் அளவு சரியாகத் தெரியாது. மாத்திரையை எப்போது நிறுத்திப் பார்ப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் ‘கர்ப்பப்பையில் நீர்க்கட்டி’ என்று சொல்வது உண்மையில் சினைப்பையில் முதிராமல் நின்ற முட்டைப் பைகள். ஸ்கேனில் அவை தெரிந்த ஒன்றே பி.சி.ஓ.எஸ் ஆகிவிடாது. விலக்குக் கோளாறு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அந்த ஸ்கேன் தாளை மட்டும் நீட்டி ‘கட்டியைக் கரைத்துத் தாருங்கள்’ என்று கேட்பவரிடம் கரைப்பதாக வாக்குக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

குரல் தடித்துப்போவது, சில மாதத்திலேயே முடி வேகமாகப் பரவுவது, நெற்றிப்பொட்டில் வழுக்கை விழுவது: இவை தெரிந்தால் ஊசியை மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சருமத்துக்கு நேரடி மருந்தும் தேவைப்படும். பருவுக்கு அடபலீன் 0.1 சதவீத ஜெல், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் ஆகியவை முதல் வரிசை. அடபலீனை இரவில், முகம் முழுக்க, பட்டாணி அளவு, முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூச வேண்டும். பரு மேல் மட்டும் புள்ளி வைப்பதால் பயனில்லை. ஆரம்பத்தில் தோல் உரியும், சிலருக்குப் பரு கூடும். இதைப் பார்த்து மூன்றாம் வாரத்தில் நிறுத்துபவர்களே அதிகம். பலன் தெரிய 12 வாரம் ஆகும். கருவுற்றிருந்தால், கருவுற முயன்றால் அடபலீன் கூடாது. தாடைப் பருவுக்கு டாக்டர் எழுதித் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைக்கு நல்ல சான்று இருக்கிறது: இங்கிலாந்திலும் வேல்சிலும் 410 பெண்களிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. அதுவும் கர்ப்ப காலத்தில் ஆகாது.

புது மருந்தையும் ஊசியையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எதனால் குறைந்தது, எதனால் கூடியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜெல் 12 வாரம் ஓடிப் பழகிய பிறகு ஊசியைச் சேர்த்தால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

யாரிடம் போவது

தமிழ்நாட்டில் ‘அக்குபங்சர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, மெல்லிய ஊசி போட்டு 20 முதல் 30 நிமிடம் விடுவது. மற்றது, நாடி பார்த்து ஒரே புள்ளியை விரலால் தொடுவது. செய்பவரை ‘ஹீலர்’ என்பார்கள். மேலே சொன்ன ஆய்வு முடிவுகள் ஊசிக்கும் மின்துடிப்புக்கும் உரியவை. தொடு சிகிச்சைக்கு அவற்றைச் சான்றாகக் காட்டினால் அது பொருந்தாது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. மகாராஷ்டிரம் 2015இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆனாலும் வாசல் பலகையை வைத்துப் பயிற்சியை அளக்க முடியாது. பி.என்.ஒய்.எஸ் (இயற்கை மருத்துவம், யோகா பட்டம்) படித்த இயற்கை மருத்துவர், அல்லது அக்குபங்சர் பயின்ற எம்.பி.பி.எஸ் மருத்துவர் என்றால் உடற்கூறு தெரிந்தவர் என்ற உறுதி இருக்கும். பி.என்.ஒய்.எஸ் ஐந்தரை ஆண்டுப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரிப்பது நல்ல தொடக்கம்.

போனதும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ‘நான் சாப்பிடும் தைராய்டு மாத்திரையை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை என்ன செய்ய?’ நிறுத்தச் சொன்னால் உரையாடல் முடிந்தது. ரத்தப் பரிசோதனையே வேண்டாம், எல்லாம் கழிவுத் தேக்கம், பரு கூடினால் கழிவு வெளியேறுகிறது என்று சொன்னாலும் அப்படியே. கூடினாலும் வெற்றி, குறைந்தாலும் வெற்றி என்றால் அந்த சிகிச்சையை எப்படித்தான் மதிப்பிடுவது? முப்பது அமர்வுக்கு முன்பணம் கேட்கும் இடமும் வேண்டாம்.

அறையில் பார்க்க வேண்டியவை

ஊசி ஒருமுறை மட்டும் பயன்படும், கிருமி நீக்கிய, காகிதம் ஒட்டிய பாக்கெட்டில் வர வேண்டும். உங்கள் முன் பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதி அதன் மேலேயே இருக்கும். ‘உங்களுக்கென்று தனி டப்பாவில் வைத்திருக்கிறோம், அடுத்த வாரமும் அதையே போடுவோம்’ என்பது சிக்கனம் அல்ல, ஆபத்து. சரியாகக் கிருமி நீக்காத ஊசியால் ஹெபடைடிஸ் பி பரவியிருக்கிறது. மைக்கோபாக்டீரியம் வகைத் தொற்றும் வரலாம். அது வாரக்கணக்கில் கழித்து ஊசி போட்ட இடத்தில் ஆறாத முடிச்சாகத் தோன்றும், சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது.

கை கழுவினாரா, தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து உலரவிட்டாரா, எடுத்த ஊசியைக் குத்த முடியாத வெள்ளை டப்பாவில் போடுகிறாரா என்று பாருங்கள். அந்த டப்பா 2016 மருத்துவக் கழிவு விதிப்படி கட்டாயம். ஊசிகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கிறாரா என்பதும் முக்கியம். தலைமுடிக்குள் போட்ட ஊசியோடு வீட்டுக்கு வந்து சீப்பில் மாட்டியவர்கள் உண்டு.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: கர்ப்பம் அல்லது கர்ப்பச் சந்தேகம், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, பேஸ்மேக்கர், செயற்கை இதய வால்வு, மார்பகப் புற்றுக்காக அக்குள் நிணநீர்க் கணு எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை, வலிப்பு நோய், தழும்பு மேடிட்டு வளரும் உடல்வாகு. கவரிங் தோடு போட்டால் காது அரிக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். ஊசி எஃகில் நிக்கல் உண்டு.

அமர்வு எப்படி நடக்கும்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வெள்ளி விரதம், அமாவாசை விரதம் அன்று நேரம் வாங்க வேண்டாம். ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சாப்பிட்டால் போதும். முழங்கால் வரை ஏற்றக்கூடிய தளர்ந்த உடை வேண்டும்; சுடிதாரின் இறுக்கமான லெக்கின்ஸ் சரிவராது. முதல் முறை கட்டாயம் படுத்துக்கொண்டுதான். உட்கார்ந்த நிலையில் முதல் ஊசிக்கே வேர்த்து, கண் இருட்டி விழுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்தால் உடனே ஊசிகளை எடுத்து, காலை உயர்த்திப் படுக்க வைத்தால் சில நிமிடத்தில் சரியாகும்.

உடலுக்கு வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் தடிப்பும் 25 அல்லது 40 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஊசி. நுழையும்போது எறும்புக் கடி போல இருக்கும். பிறகு கனம், மந்தம், மெல்லிய இழுப்பு தெரியும், அது எதிர்பார்ப்பதுதான். சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போலக் கால் விரல் வரை ஓடினால் நரம்பைத் தொட்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லுங்கள், ஊசியைச் சற்று வெளியே இழுத்துவிடுவார்.

மின்துடிப்பு கொடுப்பதானால் கோத்தன்பர்கில் பயன்படுத்தியது 2 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இரண்டு துடிப்பு. தசை துள்ளுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. அவர்களுடைய கால அட்டவணையை அப்படியே கேட்டுப் பெறலாம்: முதல் 2 வாரம் வாரம் இரண்டு முறை, அடுத்த 6 வாரம் வாரம் ஒரு முறை, கடைசி 8 வாரம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மொத்தம் 14.

மரபுவழிப் புள்ளிகளில் அடிக்கடி கேட்கும் பெயர்கள்: எஸ்.பி 6 (உள் கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் மேலே, கணைக்கால் எலும்பின் பின் ஓரம்), எஸ்.டி 36 (முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் கீழே, எலும்பு முகட்டிலிருந்து ஒரு விரல் வெளியே), எல்.ஐ 11 (முழங்கையை மடக்கினால் விழும் மடிப்பின் வெளி நுனி), லிவ் 3 (கால் பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் இடையே மேற்புறப் பள்ளம்), எல்.ஐ 4 (கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைச் சதை). அளவு எடுப்பது எப்போதும் நோயாளியின் விரலால்தான், சிகிச்சை தருபவரின் விரலால் அல்ல. கர்ப்பிணிகளுக்கு எஸ்.பி 6, எல்.ஐ 4 இரண்டையும் மரபே விலக்கி வைக்கிறது.

ஊசியை எடுத்ததும் உலர்ந்த பஞ்சால் அரை நிமிடம் அழுத்தினால் ரத்தக்கட்டு குறையும். வந்தால் ஒரு வாரம், பத்து நாளில் மறையும். தோள், மேல்முதுகு, விலாப் பகுதியில் ஊசி போட்ட பிறகு, சில மணி நேரம் கழித்தேனும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுரையீரல் உறையில் துளை விழுந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கக் கூடாதது. தாடைப் பருவுக்கு அந்த இடங்களில் ஆழமாகப் போட வேண்டிய தேவையும் இல்லை.

மங்கும் மெனோபாஸும்

கர்ப்ப காலத்திலோ கருத்தடை மாத்திரையாலோ கன்னத்திலும் மேலுதட்டிலும் படரும் மங்குக்கு முகத்தில் ஊசி போடவே வேண்டாம். நம் தோலில் காயம் ஆறும் இடமெல்லாம் கறுக்கும். மங்கின் மேல் ஊசிப் புள்ளிகள் புதுக் கறுப்பாக நிற்கும். அதற்கு வேலை செய்வது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மாத்திரைதான் காரணமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மெனோபாஸை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது தோல் வறண்டு, மெலிந்து, அரிக்கும். சிலருக்கு அந்த வயதிலும் மோவாயில் பரு வரும். உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் தூக்கத்தைக் கெடுக்கும். இந்தக் கொதிப்புக்கு அக்குபங்சரை ஆஸ்திரேலியாவில் 327 பெண்களிடம் 10 அமர்வு சோதித்தார்கள். 2016இல் வந்த முடிவு: ஊசிக் குழுவில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது, தோலைத் துளைக்காத மழுங்கல் ஊசிக் குழுவிலும் அதே அளவு. படுத்து ஓய்வெடுப்பதும் ஒருவர் அக்கறையாகக் கேட்பதும் செய்யும் வேலை அதில் எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். சிலருக்கு அந்த அரை மணி நேர ஓய்வே வேண்டியதாக இருக்கும். வறட்சிக்கோ, குளித்த மூன்று நிமிடத்துக்குள் ஈரத் தோலில் மாய்ஸ்சரைசர், சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும். விலக்கு நின்று ஓராண்டு கழித்து ரத்தம் பட்டால் அன்றே பெண்கள் நல மருத்துவர்.

வீட்டில் அழுத்துவது

ஊசி பயம் உள்ளவர்கள் எஸ்.டி 36, லிவ் 3, எல்.ஐ 11 ஆகியவற்றைக் கட்டைவிரலால் இரவில் ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டு நிமிடம், இரு பக்கமும் அழுத்தலாம். நகம் படக் கூடாது. கனமாக வலிக்க வேண்டும், கன்றிப்போகக் கூடாது. இது பருவைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தூங்கப் போகும் முன் பத்து நிமிடம் போனை வைத்துவிட்டு உட்கார ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவே. முகத்தில் உருளையும் ஊசிச் சக்கரமும் வாங்கிப் பரு மேல் உருட்டாதீர்கள். ஒரு பருவின் கிருமி முகம் முழுக்கப் பரவ அதைவிட எளிய வழி இல்லை.

16ஆம் வாரம்

பழைய நோட்டை எடுங்கள். ஊசிக்கு முந்தைய மூன்று சுழற்சிகளின் 24ஆம் நாள் எண்களைக் கூட்டி மூன்றால் வகுத்தது ஒரு பக்கம். கடைசி இரண்டு சுழற்சிகளின் சராசரி மறுபக்கம். 12 பரு 8 ஆகியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, தொடரலாம். மாதம் ஒன்று அல்லது இரண்டு அமர்வு போதுமா என்று பார்க்கலாம். 12 என்பது 11 ஆனால் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் பத்து அமர்வில் தெரியும்’ என்பார்கள். விலக்கு சீராகி, பரு மட்டும் குறையவில்லை என்றால் இரண்டையும் டாக்டரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள்; சருமத்துக்கு மருந்து மாற்ற வேண்டியிருக்கும். ஊசியை ஒரே நாளில் விட்டுவிடலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. ஸ்பைரோனோலாக்டோனையும் தைராய்டு மாத்திரையையும் மட்டும் எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் தொடக் கூடாது.